இன்ஸ்டால் பண்ண யாரைக் கேட்கணும்? ஓர் அனுமதிப் படிவத்தின் வரலாறு

இந்த எபிசோடுல ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரே ஒரு ஃபாரம்தான். ஆனா ஐ.டி.யில வேலை பார்க்கிறவங்களுக்கு அந்த ஃபாரத்தோட பேரைச் சொன்னாலே முகம் மாறிடும்.

புது கம்பெனியில சேர்றீங்க. கையில லேப்டாப் கொடுக்கிறாங்க. கோட் எழுதத்தான் உங்களை வேலைக்கு எடுத்திருக்காங்க. ஆனா கோட் எழுதத் தேவையான டூலை இன்ஸ்டால் பண்ணப் போனா, அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நிக்குது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிக்கூட பார்க்காம, "டிக்கெட் போடுங்க ப்ரோ"ங்கிறார். டிக்கெட்டைத் திறந்தா ஃபாரம். மென்பொருளோட பேர் என்ன, எந்த வெர்ஷன், என்ன லைசென்ஸ், எங்கிருந்து டவுன்லோடு, எதுக்கு வேணும், ஏற்கெனவே இருக்கிற டூலை வெச்சு சமாளிக்க முடியாதா? அதுக்கப்புறம் மேனேஜர், செக்யூரிட்டி, சில சமயம் லீகல். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். அதுவரைக்கும் நீங்க டாக்குமெண்டேஷன் படிச்சுக்கிட்டு இருக்கணும்.

இந்த எரிச்சல் எனக்கும் நல்லாவே தெரியும். ஆனா இந்த ஃபாரம் வானத்துல இருந்து விழலை. அதுல இருக்கிற ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாடியும், யாரோ ஒருத்தர் ஒரு காலத்துல பட்ட பயம் இருக்கு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுன்னு சொல்வாங்களே, அந்தச் சூட்டோட வரலாறுதான் இன்னைக்குப் பேச்சு. நம்ம நாட்டுல இந்தப் பயம் முக்கியமா மூணு வடிவத்துல வந்துச்சு. முதல்ல டாலர் பயம். அடுத்து வேலை போயிடுமோங்கிற பயம். மூணாவது, உள்ளே என்ன இருக்குன்னே தெரியலையேங்கிற பயம். இந்த மூணாவது பாடத்தை சாஃப்ட்வேர் உலகம் படிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் படிச்சு முடிச்சாங்க. அதுக்குக் கொடுத்த விலையும் பெருசு.

டெல்லியைக் கேட்கணும்

1970-ல மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் துறையை ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே எலெக்ட்ரானிக்ஸ் கமிஷன் வந்தது. அதுக்குத் தலைவர் விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன். வெளிநாட்டுல இருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்னா, எந்த கம்பெனியா இருந்தாலும் அங்கேதான் போய் நிக்கணும். உங்க மேனேஜருக்கு முன்னாடி, உங்க ஐ.டி. டீமுக்கு முன்னாடி, இந்தியாவுல ஒரு அலுவலகத்துக்குள்ள கம்ப்யூட்டர் வரலாமா வேண்டாமான்னு தீர்மானிச்ச முதல் "அப்ரூவர்" அரசாங்கம்தான்.

ஏன்? காரணம் அந்நியச் செலாவணி. கம்ப்யூட்டருக்கு டாலர்ல காசு கொடுக்கணும், கையில டாலர் இல்லை. பெட்ரோலுக்கு வேணும், உரத்துக்கு வேணும். இதுல ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் கேட்டா, எதுக்கு, இது இல்லாம முடியாதா, உள்நாட்டுல செஞ்சதை வெச்சு சமாளிக்க முடியாதான்னு கேட்பாங்க. இன்னைக்கு உங்க ஃபாரத்துல வர்ற அதே கேள்விகள்தான்.

அந்த டாலரை சம்பாதிச்சுக் கொடுத்த ஊர்கள்ல நம்ம ஊரும் உண்டு. பாதி பதனிட்ட தோலை மெட்ராஸ் துறைமுகம் வழியா ஐரோப்பாவுக்கு அனுப்புறது இங்கே பல தலைமுறைத் தொழில். 1972-ல சீதாராமையா கமிட்டி, தோலை அரைகுறையா அனுப்பாம முழுசா முடிச்சு, பொருளாக்கி அனுப்புங்கன்னு சொன்னது. அரசும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. இன்னைக்கு ஆம்பூர்ல ஷூ கம்பெனிகள் வரிசையா நிக்கிறதுக்கு அந்த முடிவும் ஒரு காரணம். ஆக, அதே டாலர் கணக்கு ஒரு பக்கம் நமக்கு ஷூ கம்பெனியைக் கொடுத்தது, இன்னொரு பக்கம் கம்ப்யூட்டருக்குக் கதவைச் சாத்தியது.

கதவுல ஒரு சின்ன இடுக்கு மட்டும் விட்டாங்க. மென்பொருள் ஏற்றுமதி பண்ணி, மெஷினுக்குப் போன டாலரைத் திரும்பக் கொண்டு வர்றேன்னு உறுதி கொடுத்தா இறக்குமதி செய்யலாம். 1974-ல டி.சி.எஸ். இந்த வழியிலதான் பரோஸ் கம்பெனியோட கம்ப்யூட்டரை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. எஃப்.சி. கோலி தலைமையில இருந்த காலம் அது.

இதுக்கு நடுவுல 1973-ல ஃபெரா சட்டம் வந்தது. வெளிநாட்டு கம்பெனிகள் இங்கே தங்களோட பங்கைக் குறைச்சுக்கணும்னு நெருக்குச்சு. ஐ.பி.எம். ஒத்துக்கலை. 1978-ல இந்தியாவை விட்டே போயிடுச்சு. அப்போ நாடு முழுக்க ஓடிக்கிட்டிருந்த ஐ.பி.எம். மெஷின்களைப் பார்த்துக்க அரசு நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் பொறுப்பெடுத்தது. சுருக்கமா சி.எம்.சி. வேலூர்காரங்களே, பதறாதீங்க, இது நம்ம ஆஸ்பத்திரி இல்லை.

1981-ல ஆரம்பிச்ச இன்ஃபோசிஸ் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வாங்கவே வருஷக்கணக்கா ஆச்சு, டெல்லிக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியிருந்துச்சுன்னு நாராயண மூர்த்தி பல மேடைகள்ல சொல்லியிருக்கார். நம்ம டிக்கெட்டுக்கு மூணு வாரம்னு புலம்புறோம். அவங்க டிக்கெட்டுக்கு அலுவலகம் டெல்லியில, இவங்க வேலை பார்த்தது தெற்குல.

இந்தப் பயம் பொய்யா? இல்லை. 1991-ல கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டும்தான் தாங்கும்ங்கிற நிலை வந்து, தங்கத்தை அடகு வெச்ச நாடு இது. பயம் நிஜம், ஆனா தீர்வு தலைகீழா வேலை செஞ்சது. டாலரை மிச்சம் பிடிக்கப் போட்ட பூட்டு, பின்னாடி டாலரைக் கொட்டப்போற தொழிலையே வெளியில நிறுத்தி வெச்சிருந்தது. 1984 நவம்பர்ல புது கம்ப்யூட்டர் கொள்கை வந்தப்புறம் பூட்டு தளர்ந்தது. மென்பொருளையும் ஒரு தொழிலா அரசு பார்க்க ஆரம்பிச்சது. 1991-ல எஸ்.டி.பி.ஐ.ங்கிற மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு வந்தது. ஏற்றுமதி செய்ற கம்பெனிக்கு ஒற்றைச் சாளர அனுமதி, வரியில்லா இறக்குமதி. ஆனா கணக்கு வெச்சுக்கணும். எந்தக் கம்ப்யூட்டர் எந்த வளாகத்துக்குள்ள இருக்குன்னு சுங்கத் துறைக்குக் காட்டணும்.

இதுல ஒண்ணை கவனிங்க. அனுமதியே வேண்டாம்னு யாரும் சொல்லலை. அனுமதி எங்கே கிடைக்கும், என்ன நிபந்தனைங்கிறது தெளிவாச்சு. அந்தத் தெளிவு வந்ததுமே தொழில் ஓட ஆரம்பிச்சுடுச்சு.

யூனியனைக் கேட்கணும்

ரெண்டாவது பயம் டெல்லியில இல்லை, அலுவலகத்துக்குள்ளேயே இருந்துச்சு.

1960-களோட பிற்பாதி, கல்கத்தா. எல்.ஐ.சி. அங்கே ஒரு கம்ப்யூட்டரை நிறுவப் பார்த்தது. ஊழியர்கள் விடலை. இலாக்கோ கட்டடத்துக்குள்ள மெஷின் வந்துடக் கூடாதுன்னு ராத்திரி பகலா காவல் காத்தாங்க. இன்னைக்கு நாம சர்வருக்கு ஃபயர்வால் போடுறோம். அன்னைக்கு மனுஷங்களே ஃபயர்வாலா நின்னாங்க.

இதைக் கேட்டுட்டு, "பாரு, வளர்ச்சியைத் தடுத்திருக்காங்க"ன்னு சிரிக்கிறது சுலபம். ஒரு நிமிஷம் அவங்க நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா கார்டு வருமான்னு காத்திருந்த காலம். பாலிசி கணக்கை கையால எழுதுற குமாஸ்தா வேலை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். நூறு பேர் செய்ற வேலையை இது செய்யும்னு விளம்பரத்தோட ஒரு மெஷின் வருது. "இதால என் வேலை போகுமா?"ன்னு கேட்டதுக்கு யாரும் எழுத்துல பதில் கொடுக்கலை. சாட் பாட் வந்தப்போ நம்ம ஆபீஸ் கேன்டீன்ல என்ன பேசிக்கிட்டோம்? அதே கேள்விதான்.

ஆட்டோமேஷனைப் பத்தி ஆராய பேராசிரியர் வி.எம். தண்டேகர் தலைமையில அரசு ஒரு குழு போட்டது. 1972-ல அறிக்கை வந்தது. ஆனா நிஜமான திருப்பம் வங்கியிலதான் நடந்தது. 1983 செப்டம்பர் 8-ஆம் தேதி, இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. எந்த வேலைக்கு மெஷின் வரலாம், எந்த அளவுக்கு வரலாம்ங்கிறதுக்கு ஒப்பந்தத்துலேயே கணக்கு இருந்துச்சு. அடுத்த வருஷம் ரிசர்வ் வங்கி துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையில ஒரு குழு, கிளைகளை எப்படிப் படிப்படியா கம்ப்யூட்டர் மயமாக்கலாம்னு திட்டம் கொடுத்தது. பல கிளைகள்ல முதல்ல வந்ததுக்குப் பேரே "லெட்ஜர் போஸ்டிங் மெஷின்". கணக்குப் புத்தகத்துல பதிவு போடுற மெஷின்னு அர்த்தம். உள்ளே இருந்தது கம்ப்யூட்டர்தான், வெளியே பேர் மட்டும் சாதுவா இருந்துச்சு.

இந்தக் கட்டத்தை நான் ஒரு தோல்வியா பார்க்கலை. 1960-கள்ல காவல் காத்து நிறுத்தின விஷயம், 1983-ல பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தது. நடுவுல மெஷின் மட்டும் மாறலை, பேச்சும் மாறிச்சு. "கம்ப்யூட்டர் வேணுமா வேண்டாமா"ன்னு கேட்டுக்கிட்டிருந்த வரைக்கும் சண்டை. "என்ன வேலைக்கு, எவ்வளவு, யாருக்கு என்ன பாதுகாப்பு"ன்னு கேட்க ஆரம்பிச்சதும் ஒப்பந்தம்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு திருட்டு வழி

அரசாங்கம் மெதுவா அனுமதி கொடுத்துக்கிட்டிருந்த காலத்துல, ஜனங்க சும்மா உட்கார்ந்திருந்தாங்களா? இல்லை. காப்பி பண்ணாங்க. விலையும் எட்டலை, முறையா வாங்குற வழியும் சிக்கல். ஃப்ளாப்பியில ஆரம்பிச்சு, சி.டி.யில வளர்ந்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் வாங்குற வரைக்கும் ஒரு தலைமுறையே சாஃப்ட்வேரை இப்படித்தான் கத்துக்கிச்சு. காலேஜ் லேப்ல இருந்து சின்ன கம்பெனி அக்கவுண்ட்ஸ் ரூம் வரைக்கும் இதுதான் வழக்கம்.

சட்டம் பின்னாடியே வந்தது. 1984 திருத்தத்துல கம்ப்யூட்டர் நிரலையும் பதிப்புரிமைச் சட்டம் ஒரு இலக்கியப் படைப்பா ஏத்துக்கிச்சு. ஆமாம், நீங்க எழுதுற கோடும் சட்டப்படி இலக்கியம், வீட்டுல சொல்லிக்கலாம். 1994 திருத்தத்துல 63-பி பிரிவு சேர்ந்தது. திருட்டு நகல்னு தெரிஞ்சே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டர்ல பயன்படுத்தினா, குறைஞ்சது 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் சிறை, 50,000 ரூபாயில இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்.

உங்க ஃபாரத்துல "என்ன லைசென்ஸ்?"னு கேட்குறாங்களே, அந்தக் கேள்வியோட பிறப்பிடம் இதுதான். இன்னைக்கும் அது செத்துப் போகலை. 2021 ஆகஸ்ட் கடைசியில டாக்கர் டெஸ்க்டாப் விதியை மாத்தினாங்க. 250 பேருக்கு மேல இருக்கிற கம்பெனி, அல்லது வருஷத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல வருமானம் இருக்கிற கம்பெனி காசு கட்டணும். ராத்திரி படுக்கும்போது இலவசமா இருந்த டூல், காலையில லீகல் டீமோட தலைவலி. "இலவசம்தானே சார்"னு நாம சொல்றப்போ அவங்க ஏன் முறைக்கிறாங்கன்னு இப்போ புரியும்.

டிரம்முக்குள்ள என்ன இருக்கு?

இப்போ மூணாவது பயம். இதுக்கு நாம பெங்களூரு, கலிஃபோர்னியா எல்லாம் போக வேண்டாம். காட்பாடியில ரயில் ஏறி ஆம்பூர்ல இறங்கினா போதும்.

தோலைப் பதனிட்டு கப்பல்ல அனுப்பும்போது வழியில பூஞ்சை பிடிச்சுடும். கறை விழுந்தா வாங்குறவன் விலையைக் குறைப்பான். அதைத் தடுக்கத் தோல் தொழில்ல உலகம் முழுக்கப் பயன்படுத்தின ஒரு ரசாயனம் பென்டாகுளோரோஃபீனால், சுருக்கமா பி.சி.பி. விலை மலிவு, வேலை கச்சிதம். ஆனா மனுஷ உடம்புக்கு நஞ்சு. 1989 டிசம்பர்ல ஜெர்மனி இதைத் தடை பண்ணிச்சு. தோல்ல 5 பி.பி.எம்.முக்கு மேல இருந்தா நாட்டுக்குள்ள வரக் கூடாது. 5 பி.பி.எம்.னா ஒரு கிலோ தோல்ல 5 மில்லிகிராம். ஜெர்மனியோ நம்ம தோலுக்கு முக்கியமான சந்தை.

சரி, பி.சி.பி.யை நிறுத்திட்டா முடிஞ்சதுன்னுதான் தோணும். முடியலை. ஏன்னா அது டேனரிக்காரர் கையால போட்ட மருந்துல மட்டும் இல்லை. அவர் வெளியில இருந்து வாங்கின துணைப் பொருள்கள் கெடாம இருக்க, அதைத் தயாரிச்சவர் அதுலேயும் சேர்த்திருக்கலாம். "நான் போடவே இல்லையே"ன்னு டேனரிக்காரர் சத்தியம் பண்ணலாம், லேப் ரிப்போர்ட் வேற சொல்லும். அடுத்து 1994-ல ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளியிடுற அசோ சாயங்களைத் தடை பண்ணிச்சு. மறுபடியும் அதே தேடல். எந்த டிரம்முல, எந்த சாயத்துல, யார் சப்ளை பண்ணதுல?

டெவலப்பர் காதுக்கு இது எங்கேயோ கேட்ட கதையா இருக்கணுமே. 2021 டிசம்பர், லாக்ஃபோர்ஜே. ஜாவா உலகத்துல லாக் எழுதுற ஒரு சின்ன லைப்ரரி. அதுல ஓட்டை. உலகம் முழுக்க செக்யூரிட்டி டீம்களுக்குத் தூக்கம் போச்சு. ஓட்டையை அடைக்கிறது பெரிய கஷ்டம் இல்லை. அது நம்மகிட்ட எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். "நாங்க லாக்ஃபோர்ஜே போடவே இல்லையே"ன்னு சொன்ன டீமோட ப்ராடக்ட்லேயும் இருந்துச்சு. அவங்க வாங்கின லைப்ரரி, அந்த லைப்ரரி வாங்கின லைப்ரரி வழியா. பி.சி.பி. கதையேதான், ஊர் மட்டும் வேற.

தோல் தொழில் இதுக்குக் கண்டுபிடிச்ச மருந்து, பட்டியல். ஷூ வாங்குற வெளிநாட்டு பிராண்டு, எது இருக்கக் கூடாதுன்னு தடைப் பட்டியல் கொடுக்கும். 2011-ல பெரிய பிராண்டுகள் சேர்ந்து இசட்.டி.எச்.சி.ன்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சு, பின்னாடி பொதுவான பட்டியலே போட்டாங்க. அந்த பிராண்டுகளுக்கு வேலை செய்ற டேனரியில புது ரசாயனம் ஸ்டோருக்குள்ள வரணும்னா, அதோட சேஃப்டி டேட்டா ஷீட்டும் சப்ளையர் உறுதிமொழியும் கூடவே வரணும். மென்பொருளுக்கும் இப்போ அதே யோசனைதான். எந்தெந்த பாகம் சேர்ந்து இந்த சாஃப்ட்வேர் ஆச்சுன்னு ஒரு உட்பொருள் பட்டியல். 2021-ல அமெரிக்க அரசு அதைக் கேட்க ஆரம்பிச்சது. 2024-ல நம்ம செர்ட்-இன் அமைப்பும் வழிகாட்டுதல் வெளியிட்டது.

அனுமதி இல்லாத காலத்துக்கு யார் விலை கொடுத்தாங்க?

இதுவரைக்கும் பேசினது ஏற்றுமதிக்குப் போன தோலைப் பத்தி. இங்கேயே தங்கிப்போன தண்ணியைப் பத்தியும் பேசணும்.

ஜெர்மன்காரன் காலுக்கு ஆகாததைக் கண்டுபிடிக்க லேப் இருந்துச்சு. பாலாத்துல கலந்ததைக் கேட்க ரொம்ப நாள் ஆளே இல்லை. தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்தாச்சு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல வந்தாச்சு. ஆலை கட்ட ஒரு இசைவு, ஓட்ட ஒரு இசைவுன்னு ஃபாரமும் இருந்துச்சு. ஆனா கழிவு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. 1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தினவரே செலவை ஏத்துக்கணும்ங்கிற கொள்கையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. சட்டம் படிக்கிற மாணவர்கள் நாடு முழுக்க நம்ம ஊர் பேரைப் படிக்கிறது இந்த வழக்குலதான்.

அந்தத் தீர்ப்புல ஒரு கருத்து நம்ம தலைப்புக்கு நேரா வந்து நிக்குது. ஒரு செயலால ஆபத்து இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு, பாதிக்கப்படுறவர்கிட்ட இல்லை. அந்தச் செயலைச் செய்ய வர்றவர்கிட்ட இருக்கு. ஆங்கிலத் தீர்ப்புல அந்த இடத்துல "டெவலப்பர்"ங்கிற சொல்லே வருது. அவங்க சொன்னது நம்மளை இல்லை, ஆனா நமக்கும் பொருந்துது.

ஏன் பொருந்துதுன்னா, விதியைத் தாண்டுறவரும் விலை கொடுக்கிறவரும் ஒரே ஆள் இல்லை. கழிவைத் திறந்துவிட்டவர் கிணறு கெடலை, பக்கத்து விவசாயி கிணறுதான் கெட்டது. அவங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டைப் பத்தி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-ல மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. முதல் மனுவுக்கும் இதுக்கும் நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல. 2015 ஜனவரி 31, அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்ல, தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துல சேறு தேக்கியிருந்த தொட்டியோட சுவர் இடிஞ்சது. தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலானவங்க பிழைக்க வந்த வடமாநிலத்துக்காரங்க. அந்தத் தொட்டிக்கு முறையான அனுமதி வாங்கலைன்னு அப்போ செய்திகள் வந்துச்சு.

மென்பொருள்ல சேறு கண்ணுக்குத் தெரியாது. ஆனா நான் என் லேப்டாப்ல அனுமதி இல்லாம ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு, அது வழியா ஒரு ஆஸ்பத்திரியோட நோயாளி விவரமோ, ஒரு வங்கியோட வாடிக்கையாளர் விவரமோ வெளியே போனா, இழப்பு எனக்கு இல்லை. எனக்கு மிஞ்சிப் போனா வேலை போகும். அந்த நோயாளிக்குத் தன்னோட விவரம் போனதே தெரியாது.

அப்போ எல்லாத்தையும் பூட்டிடலாமா?

கூடாது. 2015-ல சீனாவுல நடந்ததைப் பாருங்க. ஐபோன் ஆப் எழுத எக்ஸ்கோட்ங்கிற டூல் வேணும். ஆப்பிள் தளத்துல இருந்து இறக்கினா அங்கே ரொம்ப மெதுவா வரும், ஃபைலும் பெருசு. அதனால பல டெவலப்பர்கள் உள்ளூர் ஃபைல் ஷேரிங் தளத்துல இருந்து வேகமா இறக்கிக்கிட்டாங்க. அந்த நகல்ல யாரோ விஷத்தைக் கலந்து வெச்சிருந்தாங்க. அதை வெச்சு கட்டின ஒவ்வொரு ஆப்புக்குள்ளேயும் அது தானா சேர்ந்துக்கிச்சு. வீசாட்டோட ஒரு வெர்ஷன்ல கூட. எக்ஸ்கோட் கோஸ்ட்னு பேர் வெச்சாங்க.

அந்த டெவலப்பர்கள் கெட்டவங்க இல்லை. நல்ல வழி மெதுவா இருந்துச்சு, கெட்ட வழி வேகமா இருந்துச்சு, அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட் பாடமும் இதேதான். மெதுவான அனுமதியை நாம பாதுகாப்புன்னு நினைக்கிறோம். ஆனா அது ஆள்களைக் கொல்லைப்புறக் கதவுக்கு அனுப்பி வைக்குது. செக்யூரிட்டி டீம் முன்வாசல்ல காவல் நிக்கும், ஜனங்க பர்சனல் லேப்டாப்ல கோட் எழுதி பென் டிரைவ்ல கொண்டு வந்துக்கிட்டிருப்பாங்க.

அனுமதி கிடைச்சுட்டா பாதுகாப்புன்னும் சொல்ல முடியாது. 2020 டிசம்பர்ல வெளியே வந்த சோலார்விண்ட்ஸ் விவகாரத்துல, விஷம் வந்தது முறையான கையொப்பத்தோட வந்த அப்டேட் வழியா. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதை வாங்கியிருந்தாங்க. ஒரு தடவை கையெழுத்து வாங்கிட்டா ஜென்மத்துக்கும் போதும்னு இல்லை. டேனரிக்கு இசைவைக் காலாகாலத்துல புதுப்பிக்கச் சொல்ற மாதிரி, இதையும் அப்பப்போ திருப்பிப் பார்க்கணும்.

இந்த வரலாறுல இருந்து ரெண்டு தரப்புக்கும் எடுத்துக்க ஏதாவது இருக்கா? எனக்குத் தோணுறதைச் சொல்றேன்.

டிக்கெட் போடுறவங்களுக்கு. "ப்ராஜெக்ட்டுக்கு வேணும்"னு ஒரு வரி எழுதினா அது யாரோட பயத்துக்கும் பதில் இல்லை. எந்த பயத்துக்குப் பதில் சொல்றோம்னு யோசிச்சு எழுதுங்க. காசு பயத்துக்கு லைசென்ஸ் வகை, கம்பெனி அளவுக்கு அது பொருந்துமாங்கிற விவரம். உள்ளே என்ன இருக்குங்கிற பயத்துக்கு அதிகாரப்பூர்வ தளத்தோட லிங்க், யார் பராமரிக்கிறாங்க, கடைசியா எப்போ அப்டேட் வந்தது, இது எந்த டேட்டாவைத் தொடும், எதைத் தொடாது. ஒரு சேஃப்டி டேட்டா ஷீட் எழுதுற மாதிரி எழுதுங்க. அதை வெச்சுக்கிட்டு செக்யூரிட்டி டீம்ல இருக்கிறவர் தன் மேலதிகாரிகிட்ட உங்களுக்காகப் பேச முடியும்.

அனுமதி கொடுக்கிறவங்களுக்கு. எஸ்.டி.பி.ஐ. கத்துக்கொடுத்ததை எடுத்துக்கங்க. ஒரு சாளரம், தெளிவான நிபந்தனை, ஒழுங்கான கணக்கு. எல்லாரும் கேட்கிற டூல்களைச் சோதிச்சு முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைங்க. பதில் எத்தனை நாள்ல வரும்னு எழுதுங்க. மறுத்தா காரணம் சொல்லுங்க. காரணம் சொல்லாத மறுப்புக்குப் பதிலா கிடைக்கப்போறது இன்னொரு பென் டிரைவ்தான்.

கல்கத்தாவுல காவல் காத்தவங்களுக்கும், டெல்லிக்கு நடந்தவங்களுக்கும், பாலாத்துக்காக கோர்ட் படியேறினவங்களுக்கும் தேவைப்பட்டது ஒண்ணுதான். "எதுக்குப் பயப்படுறீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டு, அதுக்கு எழுத்துல பதில் கொடுக்கணும். எங்கெல்லாம் அது நடந்துச்சோ அங்கெல்லாம் வேலை நகர்ந்தது. எங்கே நடக்கலையோ, அங்கே ஒண்ணு பூட்டு தொங்குச்சு, இல்லைன்னா சேறு ஓடுச்சு.

இந்தப் பக்கத்துக்காரங்களா இருந்தா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுலேயோ தெருவுலேயோ 1990-கள்ல டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்த தாத்தா, சித்தப்பா, அக்கா யாராவது இருப்பாங்க. ஜெர்மன் தடை வந்தப்போ ஸ்டோர்ல எதைத் தூக்கிப் போடச் சொன்னாங்க, புதுசா எந்த ரெஜிஸ்டர் எழுதச் சொன்னாங்கன்னு கேட்டுப் பாருங்க. நம்ம துறை இப்பத்தான் எழுதிப் பழகுற பட்டியலை அவங்க கையால எழுதினவங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.